விடுதலைப் பத்திரம்

அப்பா இறந்து ஓராண்டு கழித்து எங்கள் வீட்டுக்கு ஒரு வரைவுப் பத்திரம் வந்தது. புதுச்சேரிப் பக்கத்து ஒதியம்பட்டில் எங்களுக்கு இருப்பது வீடும், வீட்டை ஒட்டிய கொல்லையும்தான். அதை என் பெயருக்கு மாற்ற அக்கா கையெழுத்துப் போட வேண்டும் என்று பெரியவர்கள் பேசி முடித்திருந்தார்கள். அக்கா மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு முதல் வரியிலேயே நின்றாள். பக்கத்தின் நெற்றியில் கொட்டை எழுத்தில் 'விடுதலைப் பத்திரம்' என்று இருந்தது.

"யாருக்குடா விடுதலை?" என்றாள்.

அன்று எனக்குப் பதில் வரவில்லை. ஒரு சொத்தில் தனக்குள்ள பாகத்தை இன்னொரு பங்காளிக்கு விட்டுக்கொடுக்கும் ஆவணத்துக்குப் பதிவு அலுவலகத்தில் அதுதான் பெயர். தினமும் நூறு பேர் வாயில் புழங்கும் சொல். ஆனால் அதே சொல்லைத்தான் நாம் புதுச்சேரியின் விடுதலை நாளான நவம்பர் 1 அன்று கொடியேற்றிவிட்டும் சொல்கிறோம். சிறையிலிருந்து வருகிறவனுக்கும், நாட்டுக்கும், பங்கை இழக்கும் பெண்ணுக்கும் ஒரே சொல் எப்படி வந்தது? அந்தக் கேள்வியைப் பிடித்துக்கொண்டு போனதில் ஊர்ப் பெயரில் தொடங்கி ஜெர்மனியின் பழைய நகரம் ஒன்றுவரை போய்விட்டேன்.

ஊர்ப் பெயரிலிருந்தே தொடங்குகிறேன். ஒதி என்பது மரம். உதி என்றும் சொல்வார்கள். பருத்து வளரும், ஆனால் கட்டை மென்மையானது. ஒதி பெருத்தால் உத்தரம் ஆகுமா என்ற பழமொழி அதை வைத்துத்தான் பிறந்தது. பழமொழி அதன் இன்னொரு குணத்தைச் சொல்லவில்லை. ஒதியங்கிளையை வெட்டி வேலிக்கு நட்டால், ஒரு மழையில் அது வேர் பிடித்துத் துளிர்த்துவிடும். உத்தரத்துக்கு ஆகாத மரம் உயிர்வேலிக்கு ஆகும். பெயரின் பின்பாதி பட்டு. சிற்றூர் என்று அகராதி பொருள் தருகிறது. 'பற்று' என்பதன் திரிபு என்பாரும் உண்டு. செங்கற்பட்டு, மண்ணாடிப்பட்டு என்று இந்த வட்டாரம் முழுக்க அந்த ஒட்டு இருக்கிறது. பக்கத்து வில்லியனூரை வில்லெனூர் என்று எழுதிய பிரெஞ்சுக்காரர் காலத்துக்குப் பின்னும் பல பலகைகளில் பட்டு 'பேட்' ஆகத்தான் நிற்கிறது. பற்று என்று கொள்வதே எனக்குப் பிடித்திருக்கிறது. பிடித்துக்கொண்டிருக்கும் நிலம், கைவிடாத நிலம். அப்படியானால் ஊர்ப் பெயரில் பற்று, பத்திரத்தின் தலைப்பில் விடு. தமிழில் இந்த இரண்டும் எதிரெதிர் வினைகள். திருக்குறளின் துறவு அதிகாரம் முழுவதும் இந்த இரண்டு வினைகளுக்கு இடையில்தான் நடக்கிறது.

விடு என்ற வேரிலிருந்துதான் வீடு வருகிறது. குடியிருக்கும் வீட்டுக்கும் அதே சொல், பிறவியை விட்டு அடையும் பேற்றுக்கும் அதே சொல். மாடு கட்டவிழ்த்து விடப்படுவதும், கைதி விடப்படுவதும், கடன்காரன் கடனிலிருந்து விடுபடுவதும் விடுதலை. எல்லாவற்றிலும் ஒரு கட்டு முதலில் இருக்கிறது, பிறகு அது அவிழ்கிறது. பதிவு அலுவலகத்துப் பொருளும் இந்த வரிசையில்தான் வருகிறது. ஆனால் அங்கே அவிழ்வது கட்டு அல்ல, பிடி.

சுதந்திரம் என்ற சொல்லின் கதை இதற்கு நேர் எதிர்த் திசையில் போகிறது. வடமொழியில் ஸ்வ என்றால் தன். தந்த்ரம் என்றால் முதலில் தறி, பாவு. நெசவாளி பாவு விரிப்பதைப் பார்த்தவர்களுக்கு விளங்கும்: குறுக்கே ஓடும் ஊடையெல்லாம் பாவை நம்பித்தான் ஓடுகிறது. பிறகு அது ஒழுங்கு, அமைப்பு, ஆட்சி என்று விரிந்தது. தன் பாவில் தான் நிற்பவன் ஸ்வதந்த்ரன். பாணினி தன் இலக்கணத்தில் வினைமுதலுக்கு, அதாவது செயலைச் செய்பவனுக்கு, இலக்கணம் சொல்லும்போது இந்தச் சொல்லையே எடுத்தாள்கிறார். வாக்கியத்தில் யார் ஸ்வதந்த்ரமாக நிற்கிறாரோ அவரே கர்த்தா. மெய்யியலுக்குப் போகும் முன்பே இந்தச் சொல் இலக்கணத்தில் இப்படியொரு உயரத்தில் இருந்தது.

தமிழ்நாட்டு வயலுக்கு வந்தபோது அதற்கு வேறொரு பொருள் வந்தது. சென்ற நூற்றாண்டுகளின் வருவாய் ஆவணங்களில், குறிப்பாகச் செங்கற்பட்டுப் பக்கத்து மிராசு ஆவணங்களில், சுதந்திரம் என்றால் களத்து மேட்டில் பொலியை அளக்கும்போது பரம்பரை உரிமையாக எடுத்துவைக்கும் பங்கு. மிராசுதாரருக்கு ஒரு சுதந்திரம், தச்சருக்கும் கொல்லருக்கும் தலையாரிக்கும் வண்ணாருக்கும் அவரவர் அளவில் ஒரு மரக்கால், ஒரு படி. அது கூலியும் அல்ல, பிச்சையும் அல்ல, பிறப்போடு வந்த பாத்தியம். தமிழ் அகராதிகள் இன்றும் இந்தப் பொருளைக் காக்கின்றன. பழைய தமிழ் வேதாகமத்தைத் திறந்தால் இன்னும் தெளிவாகத் தெரியும். அங்கே சுதந்தரம் என்றால் முன்னோரிடமிருந்து வரும் சொத்து, சுதந்தரவாளி என்றால் வாரிசு, சுதந்தரித்தல் என்றால் வாரிசாகப் பெறுதல். இன்றைய இளைஞர் அந்தச் சொல்லைப் படித்துவிட்டு விடுபடுவது என்று நினைத்தால் பொருள் தலைகீழாகிவிடும். வில்லியனூர் மாதா கோயில் திருவிழாவுக்கு வரும் பெரியவர்கள் சிலர் இந்தச் சொல்லை இரண்டு பொருளிலும் தடுமாறாமல் புழங்குவதைக் கேட்டிருக்கிறேன்.

ஆக, சுதந்திரம் என்பது நமக்கு வரும் பங்கு. விடுதலை என்பது நாம் விட்டுவிடும் பங்கு. இந்தச் சொற்களைத்தான் சென்ற நூற்றாண்டில் நாடு முழுவதற்கும் பெயராகச் சூட்டினோம். 1908 முதல் 1918 வரை புதுச்சேரியில் இருந்த பாரதி இரண்டையும் கையாண்டார். ஒரு பாட்டுக்கு விடுதலை என்றும் இன்னொன்றுக்குச் சுதந்திரப் பள்ளு என்றும் பெயர் வைத்தார். களத்துச் சொல்லைப் பள்ளு என்ற களத்துப் பாட்டு வடிவத்தோடு அவர் சேர்த்துக் கட்டியது எனக்குத் தற்செயலாகத் தோன்றவில்லை.

எங்கள் புதுச்சேரி ஒன்றியப் பகுதியில் இந்தச் சொற்களுக்கு நாள்காட்டியிலும் தனித்தனி இடம் உண்டு. ஆகஸ்ட் 15 சுதந்திர நாள். நவம்பர் 1 விடுதலை நாள்; 1954-இல் அன்றுதான் பிரெஞ்சு ஆட்சி நிர்வாகத்தை ஒப்படைத்தது. 1962 ஆகஸ்ட் 16 சட்டப்படியான இணைப்பு நடந்த நாள். விடுதலை நாளுக்குச் சில நாள் முன்பு, 1954 அக்டோபர் 18 அன்று, கீழூரில் வாக்கெடுப்பு நடந்தது. மக்கள் பிரதிநிதிகள் 178 பேர் வாக்களித்தார்கள். 170 பேர் இந்தியாவோடு இணையச் சொன்னார்கள், 8 பேர் மறுத்தார்கள். கீழூர் நினைவுச் சின்னத்துக்குப் போகும்போதெல்லாம் அந்த எட்டுப் பேரை நினைப்பேன். மறுக்க இடமிருந்ததால்தான் மற்ற 170-க்கும் எடை இருக்கிறது.

இனி, இதே கேள்வியைத் தனிமனிதனுக்குள் தேடிய ஜெர்மன் மெய்யியலாளர்கள். இம்மானுவேல் காண்ட் 1724-இல் கோனிக்ஸ்பெர்க்கில் பிறந்து, அந்த ஊர்ப் பக்கத்தை விட்டு வெளியேறாமலே 1804-இல் இறந்தவர். அந்த நகரம் இப்போது ரஷ்யாவின் கலினின்கிராட். அவர் வீட்டுச் சுவரில் தொங்கிய ஒரே படம் சிந்தனையாளர் ரூசோவுடையது. 1785-இல் எழுதிய அறவியல் நூலில் ஆட்டோனொமி என்ற சொல்லை அவர் மனிதனின் மனத்துக்குள் குடியேற்றினார். அதுவரை அது நகரங்களின் சொல். கிரேக்கத்தில் தன் சட்டத்தைத் தானே வைத்துக்கொண்ட நகரத்தை ஆட்டோனொமோஸ் என்றார்கள். ஆட்டோஸ் என்றால் தான், நோமோஸ் என்றால் சட்டம். காண்ட் சொன்னது இது: ஆசை இழுத்த பக்கம் போகிறவனும் அடிமை, அதிகாரி சொன்ன பக்கம் போகிறவனும் அடிமை. எல்லாருக்கும் பொருந்தும் சட்டமாக இருக்கத் தகுந்த ஒன்றைத் தன் அறிவாலேயே தனக்கு விதித்துக்கொண்டு அதன்படி நடப்பவனே தன்வயத்தன். கட்டு அவிழ்வது அவருக்குப் போதவில்லை. அவிழ்ந்தவன் தன் கையால் தனக்குக் கட்டிக்கொள்ளும் கட்டை அவர் தேடினார்.

நோமோஸ் என்ற சொல்லின் வேரில் எனக்கு ஒரு வியப்பு காத்திருந்தது. நெமைன் என்ற கிரேக்க வினையிலிருந்து அது வருகிறது. பங்கிட்டுக் கொடுத்தல் என்று அதற்குப் பொருள். நிலத்தையும் மேய்ச்சலையும் பங்கிட்டதிலிருந்துதான் சட்டம் என்ற பொருளுக்கு அது வந்து சேர்ந்தது. களத்துமேட்டு மரக்காலும் கிரேக்கச் சட்டமும் ஒரே வேலையிலிருந்து பிறந்தவை.

ஜெர்மன் மொழியின் சொந்தச் சொல் ஃப்ரைஹைட். அதன் வேர் நேசம். நமக்கு வடமொழி வழியாக வந்த பிரியம் என்ற சொல்லுக்கு அது தூரத்து ஒன்றுவிட்ட உறவு. பழங்காலக் குடும்பத்தில் சொந்தமாக, அன்புக்குரியவராக இருந்தவர்கள் ஃப்ரை, மற்றவர்கள் ஏவலர்கள். லத்தீனிலும் வீட்டுப் பிள்ளைகளையும் அடிமை அல்லாதவரையும் ஒரே சொல் குறித்தது. தமிழிலும் இந்த நிழல் உண்டு. உரிமை என்ற சொல்லுக்குப் பழைய நூல்களில் மனைவி என்றும் அடிமை என்றும் பொருள் இருந்திருக்கிறது. நாம் இன்று மேடையில் கேட்கும் உரிமை, ஒரு காலத்தில் இன்னொருவருக்கு உரியவளாக இருந்த பெண்ணின் பெயர். இதைப் படித்த நாளில் எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

1784-இல் காண்ட் எழுதிய சிறு கட்டுரையில் இன்னொரு சொல் வருகிறது. பிறர் வழிநடத்தாமல் தன் அறிவைப் பயன்படுத்தத் துணியாத நிலையை அவர் சட்டச் சொல்லால்தான் குறித்தார்: வயது வராமை. மைனர் நிலை. காப்பாளரின் கைக்குள் இருப்பது. மனிதர் தாமே ஏற்படுத்திக்கொண்ட மைனர் நிலையிலிருந்து வெளியே வர வேண்டும் என்றார்.

அக்காவின் பத்திரத்தில் நடுவே ஒரு வரி இருந்தது. எந்தப் பத்திரத்திலும் இருக்கும் வரி. யாருடைய தூண்டுதலும் வற்புறுத்தலும் இல்லாமல், சுயபுத்தியுடன், மனப்பூர்வமாக எழுதிக் கொடுப்பதாகச் சொல்லும் வரி. கோனிக்ஸ்பெர்க் பேராசிரியரின் வாழ்நாள் கேள்வி, ஒவ்வொரு தாலுக்காவிலும் நாள்தோறும் முத்திரைத்தாளில் ஏறிக்கொண்டிருக்கிறது. சுயபுத்தி என்று எழுதியவர் அக்காவிடம் எதையும் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை.

காண்ட் 1804 பிப்ரவரியில் கண்ணை மூடினார். அடுத்த மாதமே பாரிசில் நெப்போலியனின் சிவில் சட்டம் நடைமுறைக்கு வந்தது. அந்தச் சட்டம்தான் இந்தக் கதையைப் புதுச்சேரிக்குக் கொண்டு வருகிறது. 1819 ஜனவரி 6 ஆணைப்படி பிரெஞ்சுச் சட்டங்கள் இங்கே பிறப்பிக்கப்பட்டன. ஆனால் இந்தியர்கள் முன்போலவே அவரவர் சாதி, சமய வழக்கப்படி தீர்ப்புப் பெறுவார்கள் என்றும் அதிலேயே சொல்லப்பட்டது. கேட்க மரியாதையாகத்தான் இருக்கிறது. சாதியின் அடியில் இருந்தவனுக்கு அதன் பொருள் வேறு: எந்தச் சட்டத்தின் கீழ் பிறந்தாயோ அதிலேயே சாவாய்.

1873-இல் பொன்னுத்தம்பி பிள்ளை என்ற வழக்குரைஞர் ஐரோப்பியக் காலணி அணிந்து புதுச்சேரி நீதிமன்றத்துக்குள் நுழைந்தார். இந்தியர் அப்படி வரக்கூடாது என்பது அன்றைய வழக்கம். தண்டித்தார்கள். அவர் காலணியைக் கழற்றவில்லை, பாரிசின் உச்ச நீதிமன்றம்வரை போனார், வென்றார். காலில் இருந்தது ஒரு ஜோடித் தோல்தான். ஆனால் தன் காலுக்கு எது என்று தானே சொல்லும் அதிகாரத்துக்காக ஒருவர் கடல் தாண்டி வழக்காடியதைக் காண்ட் அறிந்திருந்தால் தன் நூலில் ஒரு எடுத்துக்காட்டுக் கூடுதலாகச் சேர்த்திருப்பார் என்று நம்புகிறேன்.

1881 செப்டம்பர் 21 அன்று ஒரு ஆணை வந்தது. 21 வயது நிரம்பிய இந்தியர் ஆணோ பெண்ணோ, எந்தச் சாதியோ சமயமோ, பிறப்பால் தமக்கு வந்த வழக்கச் சட்டத்தைத் துறந்து பிரெஞ்சுச் சிவில் சட்டத்தின் கீழ் வரலாம். துறந்தால் திரும்ப முடியாது. அப்படித் துறந்தவர்களை ரெனோன்சான் என்றார்கள். துறந்தவர் என்றுதான் அதற்குப் பொருள். காவி இல்லாத துறவு, காட்டுக்குப் போகாத துறவு. முன்வந்தவர்களில் பெரும்பாலோர் ஒடுக்கப்பட்ட சாதியினரும் கிறித்தவர்களும்தான். மேல்சாதி இந்துக்கள் சண்முக வேலாயுத முதலியார் தலைமையில் கடுமையாக எதிர்த்தார்கள்.

ஆணையில் ஒரு சிறு நிபந்தனை இருந்தது. துறப்பவர் தன் குடும்பத்துக்கு ஒரு பெயர் தேர்ந்தெடுத்துச் சொல்ல வேண்டும். நமக்குக் குடும்பப் பெயர் என்பதே கிடையாது. அப்பா பெயரின் முதலெழுத்து ஒரு தலைமுறைக்கு வரும், பிறகு உதிர்ந்துவிடும். ஊரும் சாதியும் ஒட்டிக்கொள்ளும். இப்போது ஒரு எழுத்தர் முன்னால் நின்று, இனி என் பேரப்பிள்ளைகளும் இந்தப் பெயர் என்று ஒருவர் தானே ஒரு சொல்லைச் சொல்ல வேண்டும். அந்தக் கணத்தை எத்தனையோ முறை நினைத்துப் பார்த்திருக்கிறேன். சாதிப் பெயர் உதிர்ந்த அடுத்த மூச்சில் வாய் எந்தச் சொல்லைச் சொல்லும்? பொன்னுத்தம்பி சொன்ன சொல் லாப்போர்த். பிரெஞ்சில் அது கதவு, வாயில். பிள்ளை போய் வாயில் வந்தது. அகராதியில் மிக எளிய சொற்களில் ஒன்று. மொழியாராய்ச்சிக்காரனாக நான் பார்த்த சொல் மாற்றங்களில் இதைவிட அழகானது வேறில்லை.

இதே ஊரில் 1891-இல் பிறந்த சுப்புரத்தினம் பின்னாளில் தனக்குப் பாரதிதாசன் என்று பெயரிட்டுக்கொண்டார். தாசன் என்றால் அடிமை. ஆனால் அந்த அடிமைத்தனத்தை விதித்தவர் அவரேதான், யாரும் அவர் மேல் சுமத்தவில்லை. தேர்ந்து ஏற்ற தாழ்வுக்கும் சுமத்திய தாழ்வுக்கும் உள்ள தூரத்தை அளக்க அந்த ஒரு பெயர் போதும்.

கதவு திறந்தது, ஆனால் உள்ளே இடம் கிடைத்ததா என்பது வேறு கேள்வி. இங்கேதான் இன்னொரு ஜெர்மன் மெய்யியலாளர் ஹெகல் வருகிறார். 1807 நூலில் அவர் சொன்னது: ஒருவன் தன்னைத் தானே சுதந்திரன் என்று சொல்லிக்கொள்வது போதாது, எதிரே நிற்பவனும் அவனை அப்படிக் காண வேண்டும். ஆண்டானும் அடிமையும் எதிரெதிரே நிற்கும் அவருடைய புகழ்பெற்ற காட்சி இதைத்தான் காட்டுகிறது. அந்தக் காணலுக்கு நாம் வைத்திருக்கும் சொல் அங்கீகாரம். அங்கம் என்பதிலிருந்து வந்தது. தன் உறுப்பாக ஆக்கிக்கொள்ளுதல். ஜெர்மன் சொல் கண்டறிவதோடு நிற்கிறது, நம் சொல் உடம்போடு சேர்க்கிறது. துறந்தவர்களுக்கு அப்படி உறுப்பாகும் இடம் கிடைக்கவில்லை. 1884-இல் வாக்காளர்களை ஐரோப்பியர், துறந்தவர், துறக்காதவர் என்று மூன்று பட்டியலாகப் பிரித்தார்கள். 1899-இல் துறந்தவர்களின் பட்டியலையே எடுத்துவிட்டார்கள். எந்தச் சட்டம் உன்னைச் சமம் என்றதோ அதன் கீழேயே உனக்கு வேறு பட்டியல். அவர்களில் பலர் பிரெஞ்சு ஆட்சியில் இருந்த சைகோனுக்குப் போய் அங்கே பிரெஞ்சுக் குடிகளாக வேலையும் வாக்கும் கேட்டுப் போராடினார்கள்.

ஹெகலிடம் எனக்கு ஒரு மனக்குறையும் உண்டு. கீழை நாடுகளில் ஒருவனே சுதந்திரன், கிரேக்கத்தில் சிலர், ஜெர்மானிய உலகில்தான் எல்லாரும் என்று அவர் வகுப்பில் சொன்னார். இனங்களைப் பற்றிக் காண்ட் எழுதியவற்றிலும் படிக்க முடியாத பகுதிகள் உண்டு. எல்லா மனிதருக்கும் பொருந்தும் சட்டம் என்று எழுதிய கை, எல்லா மனிதரையும் எண்ணவில்லை. அதற்காக அவர்களைத் தூக்கி எறிய எனக்கு மனமில்லை. அவர்கள் எண்ணாமல் விட்டவர்களில் ஒருவர்தான் காலணியோடு நீதிமன்றம் ஏறினார்.

ஆட்டோனொமி தமிழுக்குத் தன்னாட்சி, சுயாட்சி என்று வந்தது. 1969-இல் தமிழக அரசின் ராஜமன்னார் குழு அமைந்தபின் மாநில சுயாட்சி வீட்டுச் சொல்லாகிவிட்டது. புதுச்சேரியும் மாநில அந்தஸ்து கேட்டுக்கொண்டே இருக்கிறது. கிரேக்கத்தில் போலவே தமிழிலும் அது நகரத்தின், அரசின் சொல்லாகத் தொடங்கியிருக்கிறது. ஆனால் மனிதனுக்குள் இன்னும் குடியேறவில்லை. தன் முடிவைத் தானே எடுக்கும் ஒருவரைக் குறிக்கத் தமிழில் என்ன சொற்கள் இருக்கின்றன என்று பட்டியல் போட்டுப் பார்த்தேன். தன்னிச்சை, தன்மூப்பு, தான்தோன்றி. எல்லாம் ஏச்சு. பெண்ணைச் சொல்லும்போது ஏச்சு இரண்டு மடங்கு. காண்ட் மனம் போன போக்கையும் தனக்குத் தானே விதித்த சட்டத்தையும் வேறு வேறு சொற்களால் பிரித்துவைத்தார். நம்மிடம் முதலாவதற்குப் பத்துச் சொல், இரண்டாவதற்கு ஆட்சி மொழியிலிருந்து கடன் வாங்கிய ஒரு சொல்.

இதையெல்லாம் படித்த பிறகு ஒரு சாயங்காலம் அக்கா வீட்டுக்குப் போனேன். வரைவை அவள் அரிசி டப்பாவுக்குக் கீழே வைத்திருந்தாள். சுயபுத்தி என்ற வரியைக் காட்டி, "உன்னை யாரும் கேக்கலக்கா, நான் இப்ப கேக்கறேன்" என்றேன். அவள் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "விட்டுக்குடுக்கக் கூடாதுன்னு இல்லடா. எனக்குன்னு ஒண்ணு இருக்குன்னு நீங்க யாராவது முதல்ல சொல்லியிருக்கணும். இருந்தாத்தானே விட முடியும்" என்றாள்.

விடுதலைக்கு முன்னால் சுதந்திரம் வர வேண்டும் என்று அவள் ஒரே வரியில் சொல்லிவிட்டாள். களத்துமேட்டுப் பொருளில்தான் சொன்னாள்.

வரைவு கிழிந்தது. புதிதாக எழுதியது பாகப்பிரிவினைப் பத்திரம். கொல்லையின் கீழ்ப்பாதி அக்காவுக்கு. அளந்து முடித்த அன்று எல்லைக்குக் கல் வாங்கி வரட்டுமா என்று கேட்டேன். கிணற்றோரத்து மரத்தை நிமிர்ந்து பார்த்துவிட்டு அவள் சொன்னாள்:

"கல்லெல்லாம் வேணாம். நாலு ஒதியங்கொம்பு வெட்டி நட்டுடு."